கிருபாகரன் சேர் கொடுத்த தேத்தண்ணி

போன மாதம் வெள்ளவத்தையில் கடல் பக்கமாக உள்ள ஒரு மண்டபத்தில் எங்கள் பாடசாலையின் பழைய மாணவர்கள் கூடினார்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை என்ன செய்வதென்று தெரியாமல் திரியும் எங்களையும் அழைத்திருந்தார்கள். சாப்பாடு நன்றாக இருக்கும் என்று நம்பிப் போனோம். நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் எந்த மேசையில் உட்கார்ந்தாலும் ஒரே கதைதான். எங்களுக்கு முந்திய அதிபர் ஹியூபேட் சேர் விடுதிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த சனிக்கிழமைத் தேநீர் விருந்துகள். அவர் அக்கோடியன் வாசித்தது, பைலா பாடியது, ஆசிரியர்களைப் போலப் பேசிக் காட்டியது. தலை நரைத்த ஒருவர் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து, ஹியூபேட் சேர் எப்படி நடந்து காட்டுவார் என்று நடந்து காட்டினார். சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது. பிறகு அவர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"இப்ப இருக்கிற அதிபர் எப்படித் தம்பி? ஏதும் கலகலப்பு இருக்கோ?"

நாங்கள் வாய் திறக்குமுன் பக்கத்தில் இருந்தவர் முந்திக்கொண்டார். "ஆர், கிருபாகரனோ? நல்ல மனிசன். ஆனா ஒரு பிள்ளையைச் சிரிக்க வைக்கத் தெரியாது."

எனக்கு எதிரே இருந்த ஜவாத் கோழித்துண்டைக் கையில் பிடித்தபடி கடிக்காமல் இருந்தான். அவன் ஏதாவது சொல்லுவான் என்று பார்த்தேன். அதற்குள் பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது. அங்கே சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். ஜவாத்தின் உம்மா பிழைப்பாரா என்று தெரியாமல் நாங்கள் இருந்த ஒரு சனிக்கிழமை பின்னேரம், கிருபாகரன் சேர் எங்களுக்குக் கொடுத்த தேத்தண்ணியைப் பற்றி.

முதலில் சேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பிறந்து வளர்ந்தது தெமட்டகொடையில், ரயில்வே வேலைக்காரர்களின் குடியிருப்பில். தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்தவர். ரயில்கள் தடம் மாறும் இடத்தில் பாதையை மாற்றிவிடுவது அவருடைய வேலை. சேர் படித்துக் கணித ஆசிரியராகி, ஹற்றனில் நெடுங்காலம் படிப்பித்து, கடைசியில் கொட்டாஞ்சேனைக்கு, எங்களுடைய தனியார் பாடசாலைக்கு அதிபராக வந்தார். விடுதிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பின்பக்கமாக அதிபரின் வீடு. அங்கே அவரும் மனைவி யோகேஸ்வரி அன்ரியும் இருந்தார்கள்.

சேர் உயரமானவர், ஆனால் உயரமாகத் தெரியமாட்டார். நடைபாதையில் சுவரை ஒட்டி நடப்பார். நாங்கள்தான் பெரியவர்கள், தான் வழிவிட வேண்டும் என்பது போல. காலைக் கூட்டத்தில் எங்களைப் பார்த்துப் பேச வெட்கப்பட்டு மின்விசிறியைப் பார்த்துப் பேசுவார். "இண்டைக்கு சேர் ஃபேனுக்கு என்ன புத்திமதி சொன்னவர்?" என்று ஒவ்வொரு நாளும் யாராவது கேட்பார்கள். வகுப்பில் அப்படியில்லை. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம் என்பதால், கணக்குச் சொல்லித் தரும்போது மட்டும் குரல் நிமிர்ந்து வரும்.

இப்படிப்பட்டவரின் தலையில்தான் சனிக்கிழமைத் தேநீர் விழுந்தது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு அறைப் பிள்ளைகள் எல்லோரும் அதிபர் வீட்டுக்குப் போவார்கள். அதில் எழுதாத சட்டங்கள் இருந்தன. அதிபர் ஏதாவது ஒரு 'ஐட்டம்' செய்து காட்ட வேண்டும். அவர் "சரி பிள்ளையள், மணி அடிச்சிட்டுது" என்று சொன்னால்தான் எழும்பலாம். உண்மையில் மணி எதுவும் அடிக்காது. அது ஹியூபேட் சேர் தொடக்கிவைத்த வழக்கம். விருந்து முடிந்தது என்று அர்த்தம். அதற்கு முன் எழும்பினால் மரியாதை இல்லை.

புது அதிபருக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. அவருடைய வளர்ப்பில், வீட்டுக்கு வந்தவர்களை எழும்பச் சொல்வதுதான் மரியாதைக்குறைவு. ஆகவே அவருடைய முதல் விருந்தில், எங்கள் ஆறாம் அறை ஆட்கள், தேத்தண்ணி குடித்து முடித்துவிட்டு அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தோம். நாங்கள் எழும்பட்டும் என்று அவர் காத்திருந்தார். எங்கள் ஊர்களில் என்ன விளையும் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். விளைச்சல் முடிந்ததும் பேச்சும் முடிந்தது. மேலும் தேத்தண்ணி வந்தது. குடித்தோம். பிறகு மிக்சர் வந்தது. அதையும் சாப்பிட்டோம். வெளியே வெளிச்சம் குறைந்து, யோகேஸ்வரி அன்ரி சாமி விளக்கேற்ற வந்தபோதும் நாங்கள் அப்படியே இருந்தோம்.

"இந்தப் பிள்ளையளுக்குப் படிப்பு ஒண்டும் இல்லையே?" என்று அவர் கணவரைக் கேட்டார்.

ஹற்றன் பக்கத்திலிருந்து வந்த பெரியதம்பிதான் தாங்க முடியாமல் வாய் திறந்தான். "சேர், மணி அடிச்சிருச்சுன்னு நீங்க சொன்னாத்தாங்க நாங்க போவலாம்."

"எந்த மணி?" என்றார் சேர். அடுத்த கணம் விளங்கி, காது வரை சிவந்துபோனார். "அடிச்சிட்டுது, அடிச்சிட்டுது, ஓடுங்கோ."

அதன் பிறகு விடுதியில் யாராவது குழப்படி செய்தால், "உன்னை கிருபா சேரின்ர தேத்தண்ணிக்கு அனுப்பவேணும்" என்று மிரட்டுவது வழக்கமாகிவிட்டது.

அடுத்த பாடசாலைத் தவணையில் ஒரு சனிக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து நாங்கள் கட்டிலில் கிடந்தபோது சேர் எங்கள் அறைக்கு வந்தார். அதிபர் அறைக்கு வருவது நடக்காத காரியம். பெரியதம்பி தலையணைக்குக் கீழே எதையோ ஒளித்தான். சேர் அதைப் பார்க்கவில்லை. நேராகப் போய் ஜவாத்தின் கட்டிலில், அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஜவாத், ஒரு விசயம். உனக்கு மறைக்கமாட்டன். உம்மாவைக் களுபோவில ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கினம். குடல்வால் வெடிச்சுப் போச்சு. இப்ப ஒப்பரேசனுக்குக் கொண்டுபோயிருக்கினம்."

ஜவாத்தின் ஊர் புத்தளத்துக்குப் பக்கத்தில் உள்ள பாலாவி. வாப்பா கட்டாரில் வேலை. உம்மா அஸீஸா அந்த வாரம் தெஹிவளையில் இருக்கும் தங்கை ரிஸ்னாவின் வீட்டுக்கு வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மகனைப் பார்க்க வருவதாக இருந்தது.

"உம்மாக்கு சீனி வருத்தமும் இரிக்கே சேர்," என்றான் ஜவாத். அவனுடைய குரல் சின்னப் பிள்ளையின் குரல் போல இருந்தது.

"ஓம். அதுதான் டொக்டர்மார் யோசிக்கினம். கொஞ்சம் கஷ்டமான ஒப்பரேசன் எண்டு சொல்லியிருக்கினம்."

"நான் போகணும்."

சேர் தன்னுடைய போனில் ரிஸ்னா சாச்சியை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். சாச்சி அழுதழுது சளி பிடித்த குரலில் பேசினார். "மகன், இங்க உள்ளுக்கு ஒருத்தரத்தான் விடுறாங்க. நான் தியேட்டர் வாசல்லதான் நிக்கிறன். நீ வந்தா கேட்டுக்கு வெளிய, வெயில்லதான் நிக்கணும். சேரோட இரி. முடிஞ்ச உடன எடுக்கிறன், அப்ப வா. துஆ செய் மகன்."

போன் வைக்கப்பட்டது. ஜவாத் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சேர் எழுந்து வாசல் வரை போய், திரும்பி நின்றார்.

"பின்னேரம் எல்லாரும் என்ர வீட்டை வாங்கோ. ஆறாம் அறை முழுக்க. தேத்தண்ணி குடிப்பம்."

"சேர், எங்க முறை அடுத்த மாசங்க," என்றான் பெரியதம்பி.

"இல்லை. இண்டைக்கு."

அவர் போனதும் பெரியதம்பி என் காதுக்குள் சொன்னான். "டிலக்சன், அவனே உம்மாவ நெனச்சி செத்துப்போய்க் கெடக்கான். இதுல சேரோட தேத்தண்ணி வேறயாடா?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் அதிபரின் தேநீருக்கு வரமாட்டேன் என்று எங்கள் விடுதியில் யாரும் சொன்னதில்லை. ஜவாத் தொழுதுவிட்டு வந்தான், போனோம்.

சேரின் முன்னறையில் கதிரைகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. நடுவில் இருந்த சின்ன மேசையில் உளுந்து வடைத் தட்டும் சீனிக் கிண்ணமும் இருந்தன. சீனிக் கிண்ணத்தில் சாய்த்து, எல்லோருக்கும் தெரியும்படி சேரின் போன் நிறுத்தப்பட்டிருந்தது. அதற்கு நேரெதிர்க் கதிரையில் ஜவாத்தை உட்கார வைத்தார்.

"ஜவாத்தின்ர சாச்சி எடுப்பா. அதுமட்டும் நாங்கள் எல்லாரும் இதிலயே இருப்பம்," என்றார். வேறு முன்னுரை இல்லை.

யோகேஸ்வரி அன்ரி வடையை ஜவாத்தின் கையிலேயே வைத்தார். "சனிக்கிழமை எங்கட வீட்டில மச்சம் மாமிசம் ஒண்டும் இல்லை மகன். பயமில்லாமச் சாப்பிடு."

அவன் வடையைப் பிடித்துக்கொண்டிருந்தான். சேர் தேத்தண்ணியைக் கலக்கினார். கலக்கி முடித்துவிட்டு மறுபடியும் கலக்கினார். எந்த ஊரில் என்ன விளையும் என்பது ஏற்கெனவே கேட்டு முடிந்திருந்தது. நான் அந்தக் கறுப்புத் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அது ஒளிர்ந்து அலறியது. ஜவாத்தின் தேத்தண்ணி மடியில் கொட்டியது. சேர் பாய்ந்து எடுத்தார்.

யாரோ ஒரு தகப்பன். திங்கட்கிழமை போயா விடுமுறையா, பள்ளிக்கூடம் உண்டா என்று கேட்பது எங்களுக்கே கேட்டது.

"ஓம், லீவு, லீவு, வையுங்கோ!" என்றார் சேர். அந்த மனிதர் மேலும் ஏதோ கேட்க, சேர் தானே அழைப்பை வெட்டினார். காவலாளியைக்கூட "நீங்கள்" என்று கூப்பிடும் மனிதர் அவர். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். பெரியதம்பிக்கு மூக்கால் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பை மறைக்கத்தானோ என்னவோ, அவன் வாயில் வந்ததைச் சொன்னான்.

"ஹியூபேட் சேர்னா இந்நேரம் ஒரு ஐட்டம் போட்டிருப்பாருங்க சேர்."

நான் அவனுடைய காலை மிதித்தேன்.

"எனக்குப் பாட வராது," என்றார் சேர்.

"அது எங்களுக்குத் தெரியும்," என்று குசினி வாசலிலிருந்து அன்ரியின் குரல் வந்தது. இந்த முறை எல்லோரும் சிரித்தோம், ஜவாத்தைத் தவிர.

சேர் கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்தார். காற்சட்டையை இழுத்துவிட்டார். மின்விசிறியைப் பார்த்தார். பிறகு இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "டிங்-டொங்" என்றார்.

"கருணாகரலா சவன் தென்ன!"

கோட்டை ரயில் நிலையத்தின் ஒலிபெருக்கியேதான். எல்லோரும் கவனியுங்கள் என்று முதலில் சிங்களத்தில் கேட்கும் அந்த அலுத்துப்போன குரல், நடுவில் வரும் கரகரப்பு, எல்லாம் அப்படியே இருந்தது. "பயணிகளின் கவனத்திற்கு. பதுளை வரை செல்லும் புகையிரதம் மூன்றாம் மேடையிலிருந்து புறப்படும். இந்தப் புகையிரதம் றாகமை, கம்பஹா, பொல்காவலை, றம்புக்கணை, கம்பளை, நாவலப்பிட்டி, வட்டவளை, ஹற்றன்..."

"சேர்! ரொசல்லய எங்கங்க விட்டீங்க? எங்க அத்த வீடே அங்கதாங்க இருக்கு!" பெரியதம்பி கதிரையிலிருந்து எழும்பிவிட்டான்.

சேர் மூக்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "மன்னிக்கவும். ஹற்றனுக்குப் போன ரயில் ரொசல்லைக்குப் பின்னோக்கி வருகிறது. பயணி பெரியதம்பியின் அத்தை தயவுசெய்து மேடைக்கு வரவும்."

அதன்பின் ரயில் பின்னுக்கு வரும் சத்தத்தையும் வாயால் போட்டார். அன்ரி கையில் கரண்டியோடு வந்து வாசலில் நின்று, "கடவுளே, கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில இதை நான் ஒருநாளும் கேட்டதில்லை," என்றார்.

"சின்னனில நாங்கள் குவார்ட்டர்ஸ் பெடியள் எல்லாரும் இதுதான் விளையாடுறது," என்றார் சேர், தன் சொந்தக் குரலில், கொஞ்சம் வெட்கத்தோடு. மறுபடியும் மூக்கைப் பிடித்தார். "அடுத்த பயணி?"

நான் வவுனியா. மாஹோவுக்குப் பிறகு சேர் ஒரு நிலையத்தைத் தவறவிட, நான் பிடித்துக்கொடுத்தேன். அபராதமாக அவர் ஒரு வடை சாப்பிட வேண்டும் என்று பெரியதம்பி தீர்ப்புச் சொன்னான். அவர் சாப்பிட்டார். எங்கள் அறையின் மற்ற ஆட்களையும் ஒவ்வொருவராக ஊருக்கு அனுப்பினார். ஒவ்வொரு பாதையிலும் தவறவிட்டார். ஒவ்வொரு முறையும் நாங்கள் கத்தினோம்.

"புத்தளம் செல்லும் பயணி இருக்கிறாரா?"

ஜவாத் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். சேர் காத்திருக்கவில்லை. ரயிலை எடுத்தார். "றாகமை, கந்தானை, ஜா-எல, சீதுவை, நீர்கொழும்பு, லுணுவிலை, மாதம்பை, சிலாபம்." நின்றார். மூக்கிலிருந்து கையை எடுத்தார். "சிலாபத்துக்கு அங்கால நான் போனதில்லை. எனக்குத் தெரியாது."

யாருக்கும் தெரியாது. ரயில் சிலாபத்தில் நின்றுகொண்டிருந்தது.

"பங்கதெனிய," என்றான் ஜவாத்.

"பங்கதெனிய," என்று மூக்கால் சொன்னார் சேர். "பிறகு?"

"ஆராச்சிக்கட்டுவ. பத்துலு ஓயா." அவன் இப்போது சேரைப் பார்த்தான். "முந்தல். மதுரங்குளி. பாலாவி."

"பாலாவிக்குப் பிறகு புத்தளம்."

"இல்ல சேர். நான் பாலாவில இறங்கிருவன். உம்மா வந்து நிப்பா, ஸ்டேசன்ல." அதைச் சொன்னதும் அவன் உடைந்து அழத் தொடங்கினான். கையிலிருந்த வடை நசுங்கிப்போயிற்று.

அழாதே என்று சேர் சொல்லவில்லை. தன் கதிரையை இழுத்து அவனுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "அப்ப ரயிலை அங்கயே நிப்பாட்டுவம்," என்றார். "ஒருத்தரும் இறங்க வேண்டாம். சிக்னல் வரட்டும்."

வெளியே படிப்பு மணி, உண்மையான மணி, அடித்தது. மேலே மற்ற அறைக்காரர்கள் கதிரை இழுக்கும் சத்தம் கேட்டது. நாங்கள் சேரைப் பார்த்தோம். "சரி பிள்ளையள்" என்று அவர் சொல்லவில்லை. அன்ரி இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்தார், குடித்தோம். யாரும் பேசவில்லை. ஆனால் அது முதலில் இருந்த அமைதி போல இருக்கவில்லை. உண்மையிலேயே ஒரு ரயில் பெட்டிக்குள், ஒரு சின்ன நிலையத்தில், சேர்ந்து காத்திருப்பது போல இருந்தது. ஜவாத் அழுது முடித்து, மூக்கைச் சட்டையில் துடைத்துவிட்டு, நசுங்கிய வடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றான்.

போன் அடித்தது. திரையில் ரிஸ்னாவின் பெயர். ஜவாத்தின் கை நீண்டு, பாதியில் நின்றது.

"சேர், நீங்க எடுங்க."

சேர் எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"மகன்? மகன் இரிக்கானா? அல்ஹம்துலில்லாஹ், உம்மாவ வெளிய கொண்டு வந்துட்டாங்க. டொக்டர் இப்பதான் சொல்லிட்டுப் போறார், பயமில்லையாம். சீனியும் இறங்கிட்டாம். கண்ணு முழிச்சிட்டா மகன், உன்னத்தான் கேக்குறா!"

பெரியதம்பி ஜவாத்தைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். இருவரும் மேசையில் முட்டி, சீனி கொட்டிப் போனது. சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். அதுவரை ஒருவரும் சரியாகத் தொடாத வடைத் தட்டு எப்படித்தான் காலியாயிற்றோ தெரியாது. அன்ரி குசினிக்கு ஓடி அடுப்பை மூட்டினார்.

சேர் ஏற்கெனவே செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். "ஜவாத், வா. டிலக்சன், நீயும் வா, இவனுக்குத் துணையா."

முச்சக்கரவண்டியில் மூவரும் நெருக்கிக்கொண்டு போனோம். களுபோவிலையில் வாசல் காவலாளி நோயாளர் பார்வை நேரம் முடிகிறது என்றார். சேர் சிங்களத்தில் அவரோடு பேசினார். காலைக் கூட்டத்தில் மூன்று வசனம் பேசத் தடுமாறும் மனிதர், மூச்சுவிடாமல் பேசினார். தாய், மகன், ஒரே ஒரு நிமிடம், நான் பொறுப்பு என்று என்னென்னவோ சொன்னார். காவலாளி தலையை ஆட்டி எங்களை உள்ளே விட்டார்.

பெண்கள் வார்ட் என்பதால் நானும் சேரும் வெளி நடையில் நின்றுகொண்டோம். ஜவாத் மட்டும் உள்ளே போனான். கதவு இடுக்கில் எனக்கு ஒரு கட்டிலின் காலும், ரிஸ்னா சாச்சியின் முந்தானையும் தெரிந்தன. பிறகு மிகவும் மெல்லிய, தூக்கம் கலந்த குரல் ஒன்று கேட்டது.

"சாப்பிட்டியா மகன்?"

"ஓம் உம்மா. வடை."

"வடை மட்டுமா?" அந்தக் குரலில் கோபம் இருந்தது. வயிற்றில் தையலோடு படுத்திருந்தவரின் கோபம். சேர் என்னைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. தாதி எட்டிப் பார்த்து வாயில் விரல் வைத்தார்.

திரும்பும்போது வெள்ளவத்தைக் கடைகளில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. காலி வீதி முழுக்க வாகனம். அடக்கிவைத்த பயமெல்லாம் இறங்கிப்போனதாலோ என்னவோ, பம்பலப்பிட்டிக்கு வருமுன்பே ஜவாத் தூங்கிவிட்டான். அவனுடைய தலை சேரின் தோளில் சரிந்தது. வண்டிக்காரப் பையன் ஒரு பஸ்ஸை முந்த வளைத்துத் திருப்ப, தலை ஒருமுறை எகிறியது. சேர் அதைக் கையால் பிடித்து, மெதுவாகத் திரும்பவும் தோளில் வைத்தார்.

"ஹெமின் யன்ன மல்லி," என்றார். மெதுவாகப் போ தம்பி.

பின்னால் பஸ் ஹோன் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று அடித்தது. வண்டிக்காரன் கண்ணாடியில் எங்களைப் பார்த்தான்; தூங்குகிறவனைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, ஓரமாக, எல்லோருக்கும் வழிவிட்டுக்கொண்டே கொட்டாஞ்சேனை வரை ஓட்டினான். சேர் தோளை அசைக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.